விளக்கைப் போட்டால் குளிருமா?

சேலம், நாமக்கல் சீமையில் பிறந்தவர்களுக்கு எஞ்சின் என்பது அதிசயப் பொருள் அல்ல. லாரிக்குக் கூடு கட்டும் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்புகிற திருச்செங்கோடும், லாரி முதலாளிகள் நிறைந்த சங்ககிரியும் அடுத்தடுத்து இருக்கிற பூமி இது. ஒரு வண்டியின் எஞ்சினை இறக்கி இன்னொன்றில் ஏற்றுவதை இங்கே வண்டிமாட்டை மாற்றிக் கட்டுவது போலச் சாதாரணமாகப் பேசுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் நானும் என் பழைய அம்பாஸிடருக்கு எஞ்சின் மாற்றினேன். அதன் பிறகு நான் பட்ட பாட்டுக்குள் ஒரு சரித்திரமே ஒளிந்திருந்தது.

வண்டி 1980-களில் என் தகப்பனார் வாங்கியது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் அம்பாஸிடர் ஆக்கி, கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 2014 வரை செய்து வந்தார்கள். என் வண்டியில் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதற்கு மூளை கிடையாது. கார்புரேட்டர் வழியே காற்று ஓடும். ஓடுகிற வேகத்தில் பெட்ரோலை உறிஞ்சிக் கொண்டு போகும். கோளாறு வந்தால் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, நாடி பார்க்கும் வைத்தியரைப் போலக் காது கொடுத்துக் கேட்பார். எங்கள் மேஸ்திரி நாற்பது வருஷம் அப்படித்தான் கேட்டார்.

அந்த எஞ்சின் தேய்ந்து போயிற்று. விபத்தில் நொறுங்கிய பிற்கால அம்பாஸிடர் ஒன்றிலிருந்து 1817 சி.சி. இசுஸு எஞ்சினை வாங்கி மேஸ்திரி ஏற்றினார். அது பெட்ரோலைப் பீச்சி அடிக்கும் ரகம். ஆகவே எஞ்சினோடு கூட ஒரு தகரப் பெட்டியும், சடை சடையாக வயர்களும் வந்து சேர்ந்தன. பெட்டிதான் கம்ப்யூட்டர். வயர்களின் நுனியில் இருந்தவை சென்சார்கள்.

இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒரு காலத்தில் கண் எரிய வைக்கும் புகைமூட்டம் பிடித்து ஆட்டியது. காரிலிருந்து வரும் புகைதான் வெயிலில் வெந்து இப்படி ஆகிறது என்று 1950-ஐ ஒட்டி ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன நிபுணர் கண்டு சொன்னார். 1970-இல் அமெரிக்கா கடுமையான சட்டம் போட்டது. புகையை அடக்க வேண்டுமானால் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்குத் தவறக் கூடாது. உறிஞ்சுகிற பாத்திரத்துக்கு அத்தனை கணக்கு வராது. 1976-இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த ஆக்ஸிஜன் சென்சார் வோல்வோ காரில் ஏறியது. புகையை மோந்து பார்த்து அது சேதி சொல்ல, அதற்கேற்பப் பெட்ரோலை அளக்க ஒரு மூளை தேவைப்பட்டது.

நம் நாட்டுக்கு அந்த ஞானம் வந்து சேரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. டில்லியின் புகையைக் கண்டு சுப்ரீம் கோர்ட் 1999-இல் கண்டிப்பான உத்தரவு போட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் நின்றது. ஈயம் படிந்தால் ஆக்ஸிஜன் சென்சார் செத்துப் போகும். அடுத்து வந்த வருஷங்களில் கார்புரேட்டர் மெல்ல விடைபெற்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் புகை இப்படியாக ஊர் சுற்றி, கடைசியில் நாமக்கல்லில் என் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தது.

வண்டி காலையில் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் கறுப்புப் புகை கக்கும். பொழுது சாய்ந்தால், ஆண்டகளூர் கேட்டைத் தாண்டுவதற்குள் நின்றே போகும். சேலத்தில் ஒரு பெரிய பட்டறையில் காட்டினேன். "கம்ப்யூட்டர் போச்சு சார். ஏற்றினவர் கெடுத்துவிட்டார்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, எஞ்சினுக்கே நான் கொடுத்ததைவிட அதிகம்.

இதைக் கேட்டதும் மேஸ்திரியின் முகம் சுண்டிப் போயிற்று. "பணத்த நானே குடுத்துடறனுங்க. இனி இந்தப் பொட்டி வெச்ச வண்டியத் தொடறதில்லீங்க" என்றார். பட்டறையை மூடிவிடுகிற யோசனையிலும் இருந்தார். அவர் பேரன் மட்டும் ஒரு ஸ்கேனரை இரவல் வாங்கி வந்து மாட்டினான். கோளாறு என்று எதுவும் அதில் வரவில்லை. வயர் அறுந்தால் கம்ப்யூட்டர் கத்தும்; நம்பும்படியாகப் பொய் சொன்னால் அது என்ன செய்யும்?

பையன் எண்களை வாசித்துக் கொண்டே இருந்தான். இருட்டிவிட்டது என்று நான் முன் விளக்கைப் போட்டேன்.

"தாத்தா, எஞ்சின் சூடு எழுபதிலிருந்து ஐம்பதுக்கு எறங்கிருச்சு!"

மேஸ்திரி நிமிர்ந்தார். "ஏன்டா, வெளக்கப் போட்டா எஞ்சின் குளுருமா?"

அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கியிருந்தது. சூட்டை அளக்கும் சென்சார், சூடு ஏற ஏற மின்சாரத்துக்குத் தடையைக் குறைக்கிற பொருள். பல சென்சார்களில் 20 டிகிரியில் 2,500 ஓம் இருக்கும் தடை, 80 டிகிரியில் 300 சொச்சமாகிவிடும். வழியில் வேறு தடை சேர்ந்தால், எஞ்சின் குளிர்ந்திருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைக்கும். பெட்ரோலை அள்ளி ஊற்றும். சித்திரை வெயிலில் நின்றுகொண்டே என் வண்டி மார்கழி மாத ஏற்காட்டில் இருப்பதாக எண்ணியிருந்தது.

சென்சாரின் திரும்பும் வயர் நேரே கம்ப்யூட்டருக்குப் போக வேண்டியது. மேஸ்திரியோ பழைய வழக்கப்படி, முன் விளக்கின் எர்த்து போல்ட்டிலேயே அதையும் சேர்த்து முடுக்கியிருந்தார். அந்த இடத்தில் புதுப் பெயிண்ட் வேறு. பெயிண்டின் மேல் மின்சாரம் எப்படி நேராக ஓடும்? விளக்கின் மின்சாரமும் அங்கே முட்டிக்கொண்டு நிற்க, சூட்டின் கணக்கு தவறிவிட்டது. பெட்டி கெடவே இல்லை.

"தப்பு என்னுதுதானுங்க" என்றார் மேஸ்திரி. சொல்லும்போது அவர் தலை குனியவில்லை. வயரை மாற்றி இழுத்தார். போல்ட் இடத்தில் பெயிண்டைத் தகரம் தெரியச் சுரண்டினார். விளக்கைப் போட்டோம். எண் அசையவில்லை.

மறு வாரம் போனபோது பட்டறையில் ஒரு புது ஸ்கேனர் இருந்தது. பேரன் எண்களை உரக்க வாசித்துக் கொண்டிருந்தான். மேஸ்திரி கண்ணை மூடி, ஒரு காதை எஞ்சினுக்கும் ஒரு காதைப் பையனுக்கும் கொடுத்து நின்றிருந்தார்.