ஒரு கேஸ் ஷீட்டுக்கு உரை

நாள்பட்ட மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் எழுதப்படும் கேஸ் ஷீட்டின் சில வரிகளே இங்கே மூலம். எந்த நோயாளியுடையதும் அல்ல. விளக்கத்துக்காக அமைத்த மாதிரி.

"முதுகு நீரில் செல்கள் 40, பெரும்பாலும் லிம்போசைட்."

இயல்பில் ஐந்தைத் தாண்டாது. இதோடு வாரக்கணக்கில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது டி.பி.தான். அதில் தவறில்லை. ஆனால் மூளை உறையிலேயே லிம்போசைட்டுகளின் புற்றான லிம்போமா தோன்றியிருந்தால், அந்த லிம்போசைட்டுகளில் கட்டியின் செல்களும் கலந்திருக்கலாம். எண்ணிக்கையை வைத்து அதைப் பிரித்தறிய முடியாது.

"புரதம் 210, சர்க்கரை 28."

புரதம் 45க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை, இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. டி.பி.யைப் போலவே, உறையெங்கும் பரவிய கட்டியும் இதே கணக்கைக் காட்டும்.

"கிருமி இல்லை. டி.பி. மருந்தும் ஸ்டீராய்டும் தொடக்கம்."

கிருமி தெரியவில்லை என்று மருந்தை நிறுத்திவைக்க முடியாது. கல்ச்சர் முடிவு வர வாரங்கள் ஆகும். அதற்குள் உயிரே போகலாம். சிக்கல் ஸ்டீராய்டில். அது வீக்கத்தை வடிப்பதோடு லிம்போமாவையும் சில காலம் சுருக்கிவிடும். தலைவலி தணிந்ததும், டி.பி. மருந்து பிடித்துவிட்டது என்று வீட்டாரும் நம்புவார்கள், டாக்டரும் நம்புவார். ஸ்டீராய்டைக் குறைத்ததும் எல்லாம் திரும்பும். மருந்துக்கு அடங்காத டி.பி. என்று எழுதப் பேனா எடுப்பவர் இந்த இடத்தில் தயங்க வேண்டும் என்பேன்.

"புற்றுச் செல்கள் காணப்படவில்லை."

எல்லாரும் நிம்மதியடையும் வரி. அவ்வளவு நம்பிக்கைக்கு உரியதல்ல. உறையில் பரவும் கிளையோமா வகைக் கட்டிகளின் செல்கள் நீரில் உதிர்வது குறைவு. பெரும்பாலும் சிறுவர்களுக்கு வருவதும், உலக சுகாதார நிறுவனம் 2016இல் தன் வகைப்பாட்டில் சேர்த்ததுமான உறையெங்கும் பரவும் கிளையோநியூரோனல் கட்டியும் அப்படித்தான். பலமுறை நீர் எடுத்தும் ஒன்றும் சிக்காமல் போகலாம். உறையின் நிறமிச் செல்களில் எழும் மெலனோமாவுக்கு மட்டும் சில குழந்தைகளின் தோலிலேயே துப்பு உண்டு: பிறவியிலேயே உள்ள மிகப் பெரிய கருமச்சம்.

"எம்ஆர்ஐ: மூளையடியில் உறை தடித்து ஒளிர்கிறது, மூளையில் நீர்க்கோர்வை."

இதுவும் டி.பி.க்கும் கட்டிக்கும் பொது. தண்டுவடத்தையும் படமெடுத்து, ஒளிரும் இடங்களில் கைக்கெட்டுவதிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஸ்டீராய்டு எத்தனை நாள் போனது என்பதையும் பயாப்ஸியோடு எழுதி அனுப்ப வேண்டும். லிம்போமா செல்கள் ஸ்டீராய்டில் அழிந்திருந்தால் அந்தத் துண்டிலும் ஒன்றும் தெரியாது.