கோடு போன வழியும் அம்மா போன வழியும்

வரைபடத்தின் மேல் சிவப்பாய் ஒரு கோடு ஓடும். கோட்டின் நுனியில் ஒரு குட்டிக் கார், இல்லாவிட்டால் ஒரு விமானம். பின்னால் அந்தக் கிழமை எல்லாரும் போடுகிற பாட்டு. பதினைந்து செக்கனில் கொழும்பிலிருந்து எல்ல, எல்லவிலிருந்து அறுகம்பே. இந்த வகை வீடியோவை இன்ஸ்டகிராமிலோ டிக்டொக்கிலோ நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நானும் ஆறேழு செய்து போட்டிருக்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போன இடங்களின் பெயரை வரிசையாகக் கொடுத்தால் மிச்சத்தை செயலி பார்த்துக்கொள்ளும்.

போன மார்கழி லீவில், அம்மாவுக்கும் ஒண்டு செய்து குடுப்பம் எண்டு யோசித்தேன். அம்மா சுற்றுலா போன கதை இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் தென்மராட்சிப் பக்கம் எழும்பியபோது அவவுக்குப் பதினாலு வயது. கொக்குவில், செம்மணி, நாவற்குழிப் பாலம், சாவகச்சேரி. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டரை மாதம். 1996 தைப்பொங்கல் கழிய, கிளாலியால் நீரேரியைக் கடந்து நல்லூர் (யாழ்ப்பாணத்து நல்லூர் இல்லை, பூநகரிப் பக்கத்து நல்லூர்). பிறகு பரந்தன், கிளிநொச்சி. அந்த வருஷ நடுவில் இராணுவத்தின் சத்ஜய நடவடிக்கை தொடங்க அக்கராயன். வருஷக் கடைசியில் தாண்டிக்குளத்தால் வவுனியா, அங்கே ஒரு முகாம். 1997 பங்குனி முடிவில் கொழும்பு.

முதல் தடவை இடைப்பட்ட ஊர்களை எல்லாம் போட எனக்குப் பஞ்சி. கொக்குவில், பூநகரி, கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு என்று மட்டும் கொடுத்தேன். குட்டிக் கார் சந்தோஷமாக வெளிக்கிட்டது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா.

"உது எங்கயால போகுது?"

"சங்குப்பிட்டிப் பாலத்தாலயம்மா."

"அப்ப எங்க பிள்ளை அதில பாலம்?"

சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது 2011 ஜனவரியில். அதற்கு முந்தி கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் வாகனங்களை ஏற்றி இறக்கிய மிதவையை எங்கட ஆக்கள் "பாதை" என்றுதான் சொன்னார்கள். போர் அந்தப் பாதையையும் மூடிவிட்டது. செயலி அம்மாவை 15 வருஷம் கழித்துக் கட்டப்போகிற பாலத்தால் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சரியென்று கிளாலியையும் நல்லூரையும் இடையில் சேர்த்தேன். இந்த முறை கார் கிளாலி வரைக்கும் ஒழுங்காகப் போய், திரும்பி ஏ9 வீதிக்கு வந்து, ஆனையிறவால் இறங்கிப் பரந்தனில் வலப்பக்கம் திரும்பி நல்லூருக்குப் போனது. 1996இல் ஆனையிறவில் இருந்தது இராணுவத்தின் பெரிய முகாம். 2000 ஏப்ரலில் புலிகள் அதைப் பிடிக்கும் வரை அப்படித்தான். அந்த வழியால் சனம் போக ஏலாது என்றபடியால்தான் கிளாலி என்று ஒரு துறையே உருவானது.

மூன்றாம் தடவை, வீதியை விட்டு நேர்கோடு போடும்படி சொன்னேன். நேர்கோடு வேண்டுமென்றால் விமானம் அல்லது கப்பல் என்றது செயலி. கப்பலைத் தட்டினேன். நாலு மாடிச் சொகுசுக் கப்பல் ஒன்று கிளாலி நீரேரியைக் கடந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி ஊற்றுப்பட்டது.

பிழை யாரில்? செயலியில் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. வழி தேடும் மென்பொருளுக்கு நாடு என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். சந்திகள் புள்ளிகள், வீதிகள் கோடுகள். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் ஆகக் குறைந்த வழியைக் கண்டுபிடிக்கும் கணக்கை நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். ரொட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குப் போக எது குறுக்குவழி என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இண்டைக்கு இருக்கிற வழிகாட்டி மென்பொருட்கள் பலவற்றுக்குள்ளும் அந்தக் கணக்கின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருக்கும். அதற்கு எங்கிருந்து, எங்கே என்று சொல்லலாம். எந்த வருஷம் என்று சொல்ல இடமில்லை. வரைபடத்தில் இருப்பது இன்றைய வீதி மட்டும்.

பயணத்தை ஒரு கோடாக மாற்றும் ஆசை பழையது. 1675இல் லண்டனில் ஜோன் ஓகில்பி வெளியிட்ட 'பிரித்தானியா' என்ற வீதிப் படநூலில் 100 படங்கள். அவற்றில் ஊரைப் பார்க்கமுடியாது, வீதியை மட்டும் பார்க்கலாம். நீளமான கடுதாசிச் சுருளை விரித்தமாதிரி, கீழிருந்து மேலே ஒரு வீதி, ஒரு மைலுக்கு ஒரு அங்குலம். பயணிக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் அந்தாள் வெட்டிவிட்டார். எங்கட ரீலின் மூத்த பாட்டன் அவர்தான் என்பேன்.

ஆனால் நான் கூட நேரம் மினக்கெட்டது ஷார்ல் ஜோசெப் மினார் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளரின் படத்தில். 1869இல், 88 வயதில், நெப்போலியன் 1812இல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோன படையை அவர் ஒரே கோடாக வரைந்தார். வெளிக்கிடும்போது 4,22,000 பேர், கோடு ஆற்றைப்போல அகலம். மொஸ்கோவில் 1,00,000. திரும்பிவரும் கோடு கறுப்பு. அதற்குக் கீழே குளிர் எத்தனை பாகை என்று குறித்திருக்கிறார். பெரசினா ஆற்றைக் கடக்கும் இடத்தில் 50,000 என்பது 28,000 ஆகிறது. கடைசியில் 10,000, கோடு நூலாகிவிட்டது. படத்தில் ஒரு அசைவும் இல்லை. ஆனால் ஆட்கள் குறைவது கண்ணுக்குத் தெரியும். எங்கட கோடு எந்த இடத்திலும் ஒரே தடிப்பு. வெளிக்கிட்ட எல்லாரும் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். 1993 ஜனவரி 2 அன்று கிளாலி நீரேரியில் படகில் போன பொதுமக்களைக் கடற்படை கொன்றது. அந்த நீரின் மேல் ஒரே தடிப்பில் ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கோடு அசையத் தொடங்கியது சினிமாவில். வரைபடத்தைக் கமராவுக்குக் கீழே வைத்து, கோட்டைக் கொஞ்சம் நீட்டி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நீட்டி இன்னொரு படம். செக்கனுக்கு 24 படம் என்பதால் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு வேலை என்று கணக்குப் பாருங்கள். இந்தப் பாணியைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் இந்தியானா ஜோன்ஸைத்தான் சொல்லுவார்கள். 1981இல் வந்த முதல் படத்தில் சிவப்புக் கோடு பசுபிக்கைத் தாண்டி நேபாளத்துக்கு ஓடும். கதை நடப்பது 1936இல். வரைபடத்திலோ தாய்லாந்து என்று இருக்கிறது. அப்போது அந்த நாட்டின் பெயர் சியாம், 1939இல்தான் மாற்றினார்கள். ஹொலிவூட் காசு கொட்டிச் செய்த கோட்டுக்கே வருஷம் பிழைத்திருக்கிறது. என்னுடைய பாலத்தை மன்னிக்கலாம்.

அதற்கு 39 வருஷம் முந்தி வந்தது 'கஸபிளாங்கா'. தொடக்கத்தில் பூகோளம் சுழலும், பிறகு வரைபடம், அதில் ஒரு கோடு. பாரிஸிலிருந்து மார்செய், மத்தியதரைக் கடலைத் தாண்டி ஒரான், அங்கிருந்து ஆபிரிக்காவின் கரையோரமாகக் கஸபிளாங்கா. கோட்டோடு சேர்ந்து மூட்டை முடிச்சுடன் சனம் நடக்கும். அது நாஜிகளுக்குப் பயந்து ஐரோப்பாவை விட்டு ஓடிய அகதிகளின் வழி. படத்தில் நடித்த மார்செல் டாலியோவும் மாதலேன் லெபோவும் 1940இல் பாரிஸை விட்டு லிஸ்பனுக்கு உண்மையாகவே தப்பிப் போனவர்கள். ஆக, சாகசக்காரனின் சிவப்புக் கோட்டுக்கும் எங்கட எல்ல - அறுகம்பே கோட்டுக்கும் மிக முந்தியே, சினிமாவில் பேர்போன கோடு ஒன்று இடம்பெயர்ந்தவர்களுடையதாக இருந்திருக்கிறது. பொழுதுபோக்குக்காக வந்த ஒரு உத்தியில் நான் அம்மாவின் சோகத்தைத் திணிக்கிறேனோ என்று இருந்த கூச்சம் இதைப் பார்த்தபிறகு எனக்குப் போய்விட்டது.

அந்தப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கோடு ஓடி முடிய ஒரு நிமிஷம்கூட ஆகாது. மிச்சப் படம் முழுக்க கோட்டின் நுனியில், வெளியேறும் விசாவுக்காகக் காத்திருக்கும் ஆட்களின் கதை.

இதை மனதில் வைத்துக்கொண்டு அம்மாவின் பயணத்துக்கு ஒரு கணக்குப் போட்டேன். 1995 ஒக்டோபர் 30 முதல் 1997 பங்குனிக் கடைசி வரை ஏறத்தாழ 517 நாட்கள். ரீல் 30 செக்கன், செக்கனுக்கு 30 படம், மொத்தம் 900 படம். அப்படியென்றால் ஒரு நாளுக்கு இரண்டு படம்கூடக் கிடைக்காது. அம்மா உண்மையாகவே நகர்ந்த நாட்களை இருவரும் இருந்து எண்ணினோம். செம்மணியில் மழைக்குள் நெரிபட்டு நடந்த இரவும் அடுத்த பகலும், கிளாலி, பரந்தன், அக்கராயன், தாண்டிக்குளம், கடைசியில் கொழும்பு பஸ். எப்படிச் சேர்த்தாலும் ஒன்பது நாள். ஒன்பது நாளுக்குக் கிடைப்பது பதினைந்து பதினாறு படம், அதாவது அரைச் செக்கன். நேரத்தை உள்ளபடி காட்டினால் 30 செக்கன் வீடியோவில் கோடு அசைவது அரைச் செக்கன். மிச்ச இருபத்தொன்பதரைச் செக்கனும் அது நிற்கும்.

பள்ளிக்கூட வகுப்பறையில் நிற்கும். கிளாலிக் கரையில் முறை வருமட்டும் நிற்கும். வன்னியால் வெளிக்கிட இயக்கத்தின் பாஸுக்கு நிற்கும். வவுனியாவால் வெளிக்கிட படையினரின் பாஸுக்கு நிற்கும். இடம்பெயர்வு என்ற சொல்லில் பெயர்வுதான் காதில் விழுகிறது. அம்மாவிடம் கேட்டால் வருவதெல்லாம் இருந்த கதைதான். முகாமில் தண்ணிக்கு வரிசை, பக்கத்துப் பாயில் படுத்த ஆச்சியின் இருமல், படிக்காமல் போன ஒரு வருஷம். கிளாலியைக் கடந்ததைப் பற்றி அவ சொன்னது நாலு வசனம். ஒரு மோட்டர்ப் படகின் பின்னால் கன படகுகளைக் கயிற்றால் தொடுத்திருந்தார்களாம். வெளிச்சம் இல்லையாம். கதைக்க விடவில்லையாம். கால் நனைந்துகொண்டே இருந்ததாம்.

செயலியைக் கைவிட்டு, கூகிள் ஏர்த்தில் புள்ளி புள்ளியாக நானே கோட்டைப் போட்டேன். பிறகு வீடியோ எடிட் செய்யும் மென்பொருளில் எந்த இடத்தில் எத்தனை செக்கன் நிற்பது என்று பிரித்தேன். முழுக்க உள்ளபடி செய்தால் ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். வீடியோ இறுகிவிட்டது என்று தள்ளிவிட்டுப் போவார்கள். அதனால் 60 செக்கனாக்கி, கோடு நிற்கும்போது ஓரத்தில் நாட்கள் எண்ணுப்படும்படி வைத்தேன். கார் இல்லை, கப்பல் இல்லை, பாட்டும் இல்லை. அம்மா பார்த்துவிட்டு, "வவுனியாவில இன்னும் கொஞ்சம் நிக்க விடு" என்றா. விட்டேன்.

இப்போது எங்கட குழுவில் மற்றவர்களும் தங்கட வீட்டுக் கோடுகளோடு வருகிறார்கள். மாத்தளையிலிருந்து வரும் தோழிக்கு 19ஆம் நூற்றாண்டில் தலைமன்னாரிலிருந்து காட்டுவழியால் மாத்தளைக்கு நடத்திக் கூட்டிவரப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் வழியைப் போடவேண்டும். 2023இல் மலையக மக்கள் வந்த 200ஆவது ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களில் அவளும் ஒருத்தி. வீதி அவளுக்குக் காலில் தெரியும். ஆனால் அவர்கள் நடந்தது இன்றைய வீதியால். வழியில் செத்தவர்களின் இடங்களுக்குப் புள்ளி இல்லை. மினாரைப்போலக் கோட்டை மெலிய விடலாமா என்று கதைத்துக்கொண்டிருக்கிறோம். எண்ணிக்கை தெரியாமல் எவ்வளவு மெலிய விடுவது என்பதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இன்னொரு நண்பன் புத்தளத்தில் பிறந்தவன், குடும்பம் மன்னார்த் தீவு. 1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது அவர்கள் கடலால் கற்பிட்டிக்குப் போனவர்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியதும் ஒரு ஒக்டோபர் 30தான். அம்மா நாவற்குழிப் பாலத்தில் நின்றதற்குச் சரியாக 5 வருஷம் முந்தி. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவ கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

அவன் மன்னாரிலிருந்து கற்பிட்டி என்று செயலியில் கொடுத்துப் பார்த்திருக்கிறான். கார் மதவாச்சி, அநுராதபுரம் என்று சுற்றிப் புத்தளத்தால் போனதாம். எந்தக் கரையில் ஏறினார்கள், இடையில் எங்கேயாவது ஒதுங்கினார்களா, எத்தனை மணித்தியாலம் என்பதெல்லாம் அவனுடைய உம்மாவுக்குத்தான் தெரியும். நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டுக்குப் போகும்போது நானும் மடிக்கணினியோடு போகிறேன்.