எல்லைக்கோட்டு நோயின் வரலாறு

நோய்க்கு இடும் பெயர் அதன் காரணத்தையேனும் குறியையேனும் உணர்த்துதல் மருத்துவ நூலோர் வழக்கு. மருத்துவரின் இடர்ப்பாட்டை உணர்த்தும் பெயர் அரிது. 'எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு' அத்தகையது.

1938ஆம் ஆண்டில், நியூயோர்க் நகர உளப்பகுப்பாளர் அடொல்வ் ஸ்டேர்ண் ஒரு கட்டுரை எழுதினார். இலேசான உளநோயாளர் என்றோ சித்தம் முற்றும் பேதலித்தவர் என்றோ வகுத்தற்கியலாத சிலரை, இரண்டிற்கும் இடைப்பட்ட 'எல்லைக்கோட்டுக் கூட்டத்தினர்' என்றார். அவர்களுக்குச் சிகிச்சை செய்தல் மிகக் கடினம் என்பதையும் அவர் மறைத்தாரல்லர். கைவிடப்படுவோமோ என்ற பேரச்சம், கட்டுக்கடங்காச் சினம், நிலையற்ற உறவு, தம்முடலைத் தாமே ஊறுபடுத்தல் என்பன இந்நோயின் குறிகள். பிரொய்ட் வகுத்த முறையிலோ நோயாளர் கட்டிலிற் படுத்திருப்பர். மருத்துவர் அவர் கண்ணிற் படாது பின்னே அமர்ந்து, பெரும்பாலும் வாளாவிருப்பர். கைவிடப்படுதலை அஞ்சுவார்க்கு அம்மௌனமே கைவிடுதலாய்த் தோன்றியிருத்தல் கூடும். ஆயினும் குறை நோயாளர் மேலதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது.

1967இல் ஒட்டோ கேர்ன்பேர்க் இந்நிலையின் உளவமைப்பை விரித்தாராய்ந்தார். நோயாளரை எதிரே இருத்தி உரையாடும் முறையொன்று அவர் வழி வளர்ந்தது. 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இப்பெயர் இடம்பெற்றது.

பெருந்திருப்பம் சியாற்றிலில் நிகழ்ந்தது. வொஷிங்டன் பல்கலைக்கழகத்து மார்ஷா லினெஹன் அம்மையார் முதலில் நடத்தை மாற்றுச் சிகிச்சையையே கையாண்டார். 'நீ மாறவேண்டும்' என்றபோது, நோயாளர் தம்மைப் பழிப்பதாக எண்ணி வெகுண்டனர். உள்ளவாறே ஏற்றபோதோ, தம் துன்பத்தைத் தீர்ப்பாரில்லை என நொந்தனர். எனவே அவர் இரண்டையும் இணைத்தார். ஏற்கும் பயிற்சியைச் சென் பௌத்தத்தினின்று எடுத்துக்கொண்டார். (சென் என்பது 'தியானம்' என்னும் வடசொல்லின் திரிபு என்பது ஈண்டு நினையத்தக்கது.) வாரந்தோறும் தனியுரையாடல், குழுவாகத் திறன் பயிலல், நெருக்கடி நேரத்துத் தொலைபேசி அழைப்பு என்பன அம்முறையின் உறுப்புக்கள்.

ஓராண்டுச் சோதனையின் முடிபு 1991இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை பெற்றாரினும் இம்முறையிற் பயின்ற பெண்கள் தம்மை ஊறுபடுத்துதல் குறைந்தது. இடையில் விலகியோரும் சிலரே. ஆயினும் மனச்சோர்வில் இரு சாராரிடையும் வேற்றுமை காணப்படவில்லை. துயர் நீங்குமுன்னரே உயிரைக் காத்தல் இயலும் என்பதே அம்முடிபின் சிறப்பு எனலாம்.

1999இல் இலண்டனில் பேற்மனும் பொனகியும், தன் மனத்தையும் பிறர் மனத்தையும் உய்த்துணரப் பயிற்றும் பிறிதொரு முறையின் பயனைக் காட்டினர்.

2011இல் லினெஹன் அம்மையார் ஹாட்பேட் நகர உளமருத்துவமனை ஒன்றில் உரையாற்றினார். 1961இல், பதினேழு வயதில், தம்மை ஊறுபடுத்தும் நோயாளியாக அதே மருத்துவமனையில் இரண்டாண்டுக்கு மேல் தாம் அடைபட்டிருந்த செய்தியை அன்றே அவையறியக் கூறினார்.