இணையப் பக்கத்தில் தமிழ்: எழுத்தா, படமா?



தமிழ் இணையத்தில் ஏறிய வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு. அதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அந்த வரலாற்றில் நாம் இன்னும் முழுமையாகக் கற்காத பாடம் ஒன்றும் இருக்கிறது. அதை எனக்கு உணர்த்தியவர், தெம்பனிஸில் நான் கற்பிக்கும் மாணவி ஒருத்தியின் தந்தை. அவர் பார்வையற்றவர்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவர் என்னிடம், "ஐயா, நீங்கள் அனுப்பும் வீட்டுப்பாடக் குறிப்பை என் கைப்பேசி படித்துச் சொல்வதில்லை. 'படம்' என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. நான் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவன், இப்போது அவள்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறாள்" என்றார். அழகிய எழுத்துருவில் தட்டெழுதி, ஓரத்தில் பூங்கொடி வரைந்து, எல்லாவற்றையும் படமாக்கி அனுப்பியவன் நானே. எனக்கு நாணமாக இருந்தது. இணையத் தமிழின் தொடக்கக் கதையை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தூண்டியது அந்த நாணம்தான்.

சிங்கப்பூரில் இணையம் முதலில் பல்கலைக்கழகத்தில்தான் கால் ஊன்றியது. 1991 இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'டெக்நெட்' என்னும் ஆய்வு வலையமைப்பு தோன்றியது. 1995 அக்டோபரில் அதே பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவு, சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தரும் இணையத்தளம் ஒன்றை உருவாக்கியது. அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடக்கிவைத்தார். அதில் தமிழ்ப் பக்கங்கள் இடம்பெறக் காரணமாக இருந்தவர் நா. கோவிந்தசாமி. அவர் சிறுகதை எழுத்தாளர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளைப் படைத்தவரும் அவரே. டாக்டர் டான் டின் வீயின் ஆய்வுக் குழுவோடு ஒரு தமிழாசிரியர் சேர்ந்து செய்த பணி அது என்பதை நாம் மறக்கலாகாது.

அக்காலத்தில் தமிழைத் திரையில் காட்டுவது எளிதன்று. கணினியின் எழுத்துப் பட்டியலில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் பாதி ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் உரியவை. நம் எழுத்துகளோ 247. ஆதலால் வேறு மொழிகளின் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி எழுத்துருக்களை அமைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையில் பொருத்தினார்கள். வாசகர் அதற்குரிய எழுத்துருவைத் தம் கணினியில் நிறுவினால் தமிழ் தெரியும். நிறுவாவிட்டால் பொருளற்ற குறிகளே தெரியும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1997 மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' மாநாடு கூடியது. அதிலும் நா. கோவிந்தசாமியின் உழைப்பு பெரிது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு நடந்தது. 2000 ஆம் ஆண்டில் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது, உத்தமம் என்று நாம் அழைக்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அதைக் காண நா. கோவிந்தசாமி இல்லை, 1999 மே 26 அன்று அவர் மறைந்தார்.

அதே மே மாதத் தொடக்கத்தில் வேறொரு நிகழ்வும் நடந்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, உடற்குறையுள்ளோரும் பயன்படுத்தத்தக்க வகையில் இணையப் பக்கங்களை அமைப்பதற்கான முதல் நெறிமுறைகளை வெளியிட்டது. படத்தில் உள்ள செய்தியை எழுத்திலும் தரவேண்டும் என்பதே அதன் முதல் விதி. தமிழ் மாநாடுகள் தேடிய தீர்வும் இந்த விதியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கணினி எழுத்தை எழுத்தாக அறிய வேண்டும் என்பதே அந்த இடம்.

எழுத்தாக அறிவது என்றால் என்ன? பழைய குறியேற்றங்கள் பலவற்றில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்களாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டது. அது அச்சுக்கோப்பவரின் முறை. ஒருங்குறியில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. இது ஒலியின் வரிசை. நாம் வகுப்பில் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று கற்பிக்கும் வரிசை. திரையில் உள்ளதை ஒலியாகப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு இந்த முறைதான் தேவை. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006 இல் தொடங்கிய இலவச மென்பொருளும் இவ்வகையைச் சேர்ந்ததே. பழைய எழுத்துருவில் எழுதிய கவிதையை இத்தகைய மென்பொருளிடம் கொடுத்தால் அது தமிழைக் காணாது. பிறமொழிக் குறிகளையே உளறும்.

1991 இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அது வீட்டுக் கணினிகளில் பரவப் பல ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு 2010 இல்தான் அதை முறையாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டவை என்ன ஆகும்? அங்கேதான் பராமரிப்பு என்னும் சொல் வருகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். தன்னார்வலர்கள் தட்டெழுதிய இலக்கியங்களைப் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றினார்கள். அதனால்தான் அந்த நூல்களை இன்று எந்தக் கைப்பேசியிலும் படிக்கலாம், காதாலும் கேட்கலாம்.

பல்கலைக்கழகத் துறையின் பக்கமானாலும் பள்ளியின் பக்கமானாலும் இடர் ஒன்றே. ஆர்வமுள்ள ஒருவர் பக்கத்தை அமைப்பார். அவர் பட்டம் பெற்றோ பணி மாறியோ போய்விடுவார். பிறகு பாடத்திட்டம் வருடிய படமாக ஏறும். அறிவிப்பு சுவரொட்டியாக ஏறும். திறப்பு விழாவுக்கு வந்தோர் பலர். திருத்த வருவோர் இல்லை.

சிங்கப்பூர் 2013 இல் உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை உறுதிசெய்தது. இணையத்தை அணுகும் உரிமையும் அதில் அடங்கும். அதற்காக நாம் செய்யவேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. செய்தியை ஒருங்குறித் தமிழில் எழுத்தாகவே தருக. படம் இட்டால் அதன் பொருளை ஒரு வரியில் உடன் எழுதுக. பக்கம் தமிழில் உள்ளது என்பதை அதன் நிரலில் குறிப்பிடுக; அப்போதுதான் கருவி தமிழ்க் குரலுக்கு மாறும். 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாமல், சொடுக்கினால் எது கிடைக்கும் என்பதை எழுதுக. ஆண்டுக்கு ஒருமுறை பழைய பக்கங்களைத் திறந்து பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குக. அவர் விலகும்போது பொறுப்பு அடுத்தவருக்கு முறையாகச் செல்லட்டும்.

நானும் திருந்தினேன். பூங்கொடிகளை விட்டுவிட்டு, குறிப்பை வெறும் எழுத்தாக அனுப்பத் தொடங்கினேன். முதல் வாரமே அந்தத் தந்தையிடமிருந்து அழைப்பு வந்தது. "ஐயா, மூன்றாம் கேள்வியில் ஒரு சொல் தவறாக ஒலிக்கிறதே, பாருங்கள்" என்றார். பார்த்தேன். ஒரு மெய்யெழுத்து விடுபட்டிருந்தது. கண்ணால் இருமுறை படித்தும் எனக்குப் புலப்படாத பிழை அது.