மலையகத்தில் மின்சாரம்: தெரிவு எவருக்கு?

தேயிலைத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் கொழுந்தின் விலையாலும் ஏற்றுமதியின் அளவாலும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. அக்கொழுந்தை உலர்த்திய நெருப்பு எங்கிருந்து வந்தது? அதைப் பறித்தவளின் வீட்டு அடுப்பு எதனால் எரிந்தது? இவ்விரு கேள்விகளையும் அருகருகே வைத்து நோக்கினால், மலையகச் சமுதாய அமைப்பின் உண்மை வடிவம் ஒன்று நமக்குப் புலனாகும்.

கொழுந்தை வாட்டவும் உருட்டவும் உலர்த்தவும் வெப்பமும் விசையும் பெருமளவில் வேண்டும். ஆகவே தோட்டத்துரைமார் ஆரம்ப காலந்தொட்டே எரிபொருட் கணக்கில் கண்ணுங் கருத்துமாக இருந்தனர். விறகில் ஓடும் நீராவி எஞ்சின், அருவி நீரால் சுழலும் டர்பைன், எண்ணெய் எஞ்சின் ஆகியவற்றை ஒப்பிட்டு, எது மலிவோ அதைக் கைக்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தமக்கெனச் சிறு நீர்விசை நிலையங்களை வைத்திருந்தன. பின்னர் அரசாங்கத்தின் மின்சாரம் மலிவாக வந்து சேர்ந்ததும் அவற்றுட் பல கைவிடப்பட்டன. 1973 இல் எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியபோது, எண்ணெயில் உலர்த்திய தொழிற்சாலைகள் மீண்டும் விறகுக்குத் திரும்பின. துருப்பிடித்துக் கிடந்த டர்பைன்கள் சிலவும் பின்னர் பழுதுபார்க்கப்பட்டன. தேவைக்கேற்ப மாறிக்கொள்ளும் உரிமை தொழிற்சாலைக்கு என்றும் இருந்தது.

அரசாங்க மின்சாரத்தின் பிறப்பிடமும் இம்மலைகளே. நுவரெலியா நகருக்கு ஒளி தர, 1912 இல் பிளக்பூலில் சிறு நிலையம் ஒன்று அமைந்தது. மலைநாட்டு ஆறுகளிலிருந்து இந்நாட்டுக்கே மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் கணக்கிட்டு எடுத்துரைத்தார். 1920களில் தொடங்கி இடையில் நிறுத்தப்பட்ட அத்திட்டம், 1950 இல்தான் லக்சபான நிலையமாக இயங்கலாயிற்று. அடுத்து காசல்ரீ நீர்த்தேக்கம் எழுந்தது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துள் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கொழும்பின் வீதிகளுக்கு வெளிச்சமாயின.

லக்சபான இயங்குவதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 1948 இல், தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாத மக்களுக்கு விளக்கு வேண்டுமெனச் சட்டசபையில் வாதாட எவருக்கு அவசரம்? மின்கம்பி தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் சென்றது. அக்கம்பியின் கீழேயிருந்த லயங்களில் இன்னும் பல ஆண்டுகள் குப்பி லாம்பே எரிந்தது.

இம்மக்களுக்குக் கணக்குத் தெரியாதென்று எவரும் எண்ண வேண்டாம். கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு பொறுக்கிச் சுமந்து வந்தவள், ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எத்தனை இரவுக்குக் காணும் என்று அளந்தவள், எந்த எரிபொருள் ஆய்வாளருக்கும் குறைந்தவள் அல்லள். பிள்ளை படிக்க விளக்கை ஏற்றுவதா, நாளைக்கென மிச்சம் பிடிப்பதா என்பதே அவளுக்கு எஞ்சிய தெரிவு.

காலப்போக்கில் லயங்களுக்கும் மின்சாரம் வந்தது. எனினும் காணியுறுதியோ வீட்டுறுதியோ இல்லாத குடும்பம் ஓர் இணைப்புக் கேட்பதற்கும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தை நாட வேண்டியதாயிற்று. விலையிலும் அதற்குக் குரல் இல்லை. மாதம் 30 அலகு செலவிடும் வீட்டின் கட்டணம் 2022 ஆகஸ்டுக்கு முன்னர் 105 ரூபா. 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு 1,300 ரூபா ஆயிற்று. அக்காலத்தில் தொழிலாளியின் நாட்கூலியோ 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா. கட்டணம் பின்னர் குறைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் ஒருநாட் கூலியை விஞ்சிய அந்த விளக்கை எளிதில் மறத்தல் இயலாது.

இத்தேயிலையைப் பருகும் பிரித்தானியாவில், 1990களின் இறுதியிலிருந்து வீட்டார் தம் மின்சார வழங்குநரை ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளலாம். அதையே விடுதலையென்று போற்றுவோர் உளர். ஆனால் 2021 இல் எரிவாயு விலை ஏறியபோது அங்கே வழங்குநர் பலர் வீழ்ந்தனர். வீட்டாரின் கட்டணமும் உயர்ந்தது. கடைகள் பல இருப்பது மட்டும் எளியவனைக் காத்துவிடுவதில்லை.

இலங்கையில் 1969 இல் அமைந்த மின்சார சபையைப் பிரித்து மாற்றியமைக்கும் சட்டம் 2024 இல் நிறைவேறியது. அதன் நன்மை தீமைகளை அறிஞர் விவாதிக்கட்டும். நாம் கேட்பது எளிய ஒன்று: ஒவ்வொரு தொழிலாளர் குடும்பத்துக்கும் சொந்தக் காணி, சொந்த வீடு, தன் பெயரில் மின்மானி, கூலிக்கேற்ற கட்டணம். தொழிற்சாலை நூறாண்டாக நுகர்ந்துவந்த உரிமையை லயத்துக்கும் உரித்தாக்குவதே நியாயம். மலையகத்து நீரால் நாடு ஒளி பெற்றது. அக்கடனைத் தீர்க்கும் பொறுப்பு நாட்டினுடையது.