மாணவர் இதழும் மோட்டார் வண்டியும்

பெரும் பத்திரிகைகள் பேசத் தயங்கும் உண்மையைச் சில வேளைகளில் சின்னஞ்சிறு இதழொன்று துணிந்து சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் 'ஹார்வர்டு லா ரெக்கார்டு' என்னும் செய்தித்தாள் அதற்கு நல்லதொரு சான்று.

1817இல் தோன்றிய அக்கல்லூரியில், 1887 முதலே 'ஹார்வர்டு லா ரிவ்யூ' என்ற ஆய்விதழ் வெளிவந்து கொண்டிருந்தது. அது நீதிபதிகளும் பேராசிரியர்களும் படித்த ஏடு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946இல் பிறந்தது ரெக்கார்டு. கல்லூரிச் செய்திகளைச் சொல்வதே அதன் அன்றாடப் பணி. ஆயினும், எதை அச்சிடுவது என்று முடிவு செய்யும் உரிமை மாணவர் கையில் இருந்தது.

அவ்விதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர்களுள் ஒருவர் ரால்ஃப் நாடர். 1934இல் பிறந்த இவர், லெபனானிலிருந்து குடியேறி, வின்ஸ்டெட் என்னும் சிற்றூரில் உணவகம் நடத்திய அரபுக் கிறித்தவப் பெற்றோரின் மகன். 1958இல், அமெரிக்கக் கார்கள் சாவுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை என்று சாடும் தலைப்பில் அவருடைய கட்டுரை ரெக்கார்டில் வெளிவந்தது.

அந்நாளில் அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 35,000 பேர் மாண்டனர். பழி முழுவதும் ஓட்டுநர்மீதே சுமத்தப்பட்டது. மோதலின்போது திறந்துகொள்ளும் கதவுகள், மார்பைத் துளைக்கும் திசைமாற்றித் தண்டு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு? நாடர் கேட்ட கேள்வி இதுவே. கார் விளம்பரங்களால் பெருவருவாய் பெற்ற ஏடுகளுக்கு இது எளிதில் கேட்கக்கூடிய கேள்வியன்று. மாணவர் இதழுக்கோ அத்தளை இல்லை.

அக்கருத்தே வளர்ந்து 1965இல் நூலாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் துப்பறிவோரை ஏவி அவருடைய தனிவாழ்வைத் துருவியது. செய்தி அம்பலமாகவே, 1966 மார்ச்சில் அந்நிறுவனத்தின் தலைவர் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள், வண்டிகளின் பாதுகாப்புக்கு அரசே விதி வகுக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். 1968 முதல் புதிய கார்களில் இருக்கைப் பட்டை கட்டாயமாயிற்று. நாடர் தொடுத்த வழக்கில், 1970இல் அந்நிறுவனம் 4,25,000 டாலர் தர இசைந்தது.

ஒரு கட்டுரையே சட்டத்தைக் கொணர்ந்தது என்பது மிகை. மருத்துவரும் பொறியியலாரும் செனட் உறுப்பினர் சிலரும் அதற்காக உழைத்தனர். ஆயினும், ஓர் இளைஞர் தம் கேள்வியை முதன்முதல் அச்சில் வைக்க இடந்தந்தது அந்தச் சிற்றேடு.

நம் பிள்ளைகள் கல்லூரி மலருக்கு எழுதுகையில், "இதை யார் படிக்கப் போகிறார்கள்?" என்று நாம் கேட்பதுண்டு. இனி, "எதைப் பற்றி எழுதுகிறாய்?" என்று கேட்போமாக.