பருத்தி நிலத்தில் ஒரு பயறு

நம் ஊர்ச் சந்தைகளில் தட்டைப்பயறு என்றும் காராமணி என்றும் பெயர் சொல்லி அளந்து விற்கப்படும் பயறு பிறந்த மண் ஆப்பிரிக்கா. எழுத்தில் வரலாறு பதிவாகத் தொடங்கும் முன்பே அது கடல் கடந்து நம் நாட்டை அடைந்துவிட்டது. சுண்டலாகவும் குழம்பாகவும் நம் அடுக்களையில் இடம்பெற்றுவிட்ட அதனை நாம் அயல்நாட்டுப் பொருள் என்று எண்ணுவதே இல்லை. அதே பயறு பிற்காலத்தில் வேறொரு கடலையும் கடந்தது. ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டு அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் கொண்டுசென்ற அடிமை வணிகத்தோடு அதுவும் பயணம் செய்து, மேற்கிந்தியத் தீவுகளிலும் வட அமெரிக்காவின் தென்பகுதியிலும் வேர்பிடித்தது. அங்கே அதற்கு வழங்கிய பெயர் 'மாட்டுப் பயறு'. மாட்டுக்குத் தீவனம், அடிமைக்கு உணவு என்பதே அதற்குக் கிடைத்த மதிப்பு. இளக்காரமாக வைக்கப்பட்ட அப்பெயர் இன்றும் ஆங்கிலத்தில் நிலைத்திருக்கிறது.

இந்தப் பயற்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஏழை உழவரின் கடனையும் பசியையும் எதிர்க்கப் புறப்பட்ட ஒரு கல்விக்கூடத்தின் கதையை இவ்விதழில் நினைவுகூர விரும்புகிறோம்.

1865-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. நாற்பது லட்சம் பேர் விடுதலை பெற்றனர். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் கிடைக்கவில்லை. நேற்றுவரை எவருடைய உடைமையாக இருந்தார்களோ அவருடைய நிலத்திலேயே வாரத்துக்கு உழும் நிலைமை ஏற்பட்டது. நிலமும் குடிசையும் கோவேறு கழுதையும் விதையும் நில உடைமையாளருடையவை. உழைப்பு மட்டுமே வாரக்குடியுடையது. விளைச்சலில் ஏறத்தாழ பாதி உடைமையாளருக்குப் போய்விடும். மீதிப் பாதியும் கைக்கு வருவதில்லை. விதைத்த நாள் முதல் அறுவடைவரை குடும்பம் உண்ணவேண்டுமே! அதற்குக் கடைக்காரரிடம் கடன். கடனுக்கு ஈடு இனி விளையப்போகும் பயிர். ஆண்டு முடிவில் பேரேட்டைப் புரட்டிக் கணக்குச் சொல்பவர் கடைக்காரர் அல்லது உடைமையாளர். எழுதப் படிக்கத் தெரியாதவர் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

கடன் கொடுத்தவர் ஈடாக ஏற்ற பயிர் பருத்தி ஒன்றே. அழுகாது, சந்தையில் எப்போதும் விலைபோகும், குடியானவன் எடுத்துத் தின்றுவிடவும் முடியாது! ஆகவே வீட்டு வாசற்படிவரை பருத்தி நட்டார்கள். காய்கறிப் பாத்திக்கும் இடமில்லை. உணவு கடையிலிருந்து வந்தது: மக்காச்சோள மாவு, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு. பசியின் கொடுமையால் ஏசா தன் தலைமகன் உரிமையை ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்கு விற்றதைத் தொடக்கநூலில் வாசித்திருக்கிறோம். இம்மக்கள் இன்னும் முளைக்காத பயிரை மாவுக்கும் கொழுப்புக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஏசாவுக்குக் கிடைத்த பயறுகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆண்டுதோறும் பருத்தியையே தாங்கிய மண் களைத்துப்போயிற்று. மேல்மண் மழையில் கரைந்து ஓடியது. அலபாமா மாநிலத்தின் மேக்கன் மாவட்டம் அத்தகைய பகுதிகளுள் ஒன்று. அங்குள்ள டஸ்கீகி என்னும் சிற்றூரில் 1881-ஆம் ஆண்டு, அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் கறுப்பின மக்களுக்கான கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1896-இல் அவருடைய அழைப்பை ஏற்று அங்கே வேளாண்மைத் துறையைக் கவனிக்க வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

கார்வரும் அடிமையாகவே பிறந்தவர். பிறந்த ஆண்டு 1864 அளவில் என்பதற்கு மேல் அவருக்கே உறுதியாகத் தெரியாது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளையர் தாயையும் சேயையும் கடத்திச் சென்றனர். குழந்தை மீட்கப்பட்டது; தாய் திரும்பவே இல்லை. பள்ளி தேடி ஊர் ஊராக அலைந்து, கூலிக்குத் துணி வெளுத்து, இறுதியில் அயோவா மாநில வேளாண்மைக் கல்லூரியில் 1894-இல் இளங்கலைப் பட்டமும் 1896-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியில் பயின்ற முதல் கறுப்பின மாணவர் அவரே. அங்கேயே ஆய்வாளராக நிலைத்திருக்க வாய்ப்பு இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் தெற்கே வந்தார்.

1897-இல் அலபாமா சட்டமன்றம் டஸ்கீகியில் ஓர் ஆய்வுப் பண்ணை அமைக்க ஒப்புதல் தந்து, ஆண்டுக்கு 1,500 டாலர் ஒதுக்கியது. மாநிலந்தோறும் இருந்த ஆய்வு நிலையத்துக்கு அந்நாளில் நடுவண் அரசு வழங்கிய தொகை ஆண்டுக்கு 15,000 டாலர். அலபாமாவில் அது சென்றது வெள்ளையர் கல்லூரிக்கு. பத்தில் ஒரு பங்கு பணத்தை வைத்துக்கொண்டு கார்வர் கேட்ட கேள்வியும் வேறாக இருந்தது. விலைக்கு வாங்கும் உரத்தால் எவ்வளவு விளையும் என்பது பணமுள்ளவர் கேட்கும் கேள்வி. கையில் காசில்லாதவன், ஒற்றைக் கலப்பையை வைத்துக்கொண்டு, களைத்த மண்ணை எப்படித் தேற்றுவது? இதுவே அவருடைய கேள்வி.

இதற்கு விடையாகத்தான் மாட்டுப் பயறு வந்தது. பயற்றின வேர்களில் தோன்றும் சிறு முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஆக்கித் தருகின்றன என்ற உண்மையை ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் மெய்ப்பித்து 1888-இல் விரிவாக வெளியிட்டிருந்தனர். பயறு விதைத்தால் நிலம் தேறும் என்பதை நம் முன்னோர் பட்டறிவால் அறிந்திருந்தார்கள். கார்வர் காலத்தில் அதற்கான காரணமும் தெரிந்திருந்தது. அதிலும் தட்டைப்பயறு ஏழைக்கென்றே அமைந்த பயிர். வெப்பத்தைத் தாங்கும். மணற்பாங்கான மெலிந்த மண்ணிலும் வரும். வேர்முடிச்சு நுண்ணுயிர்களை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை. பெரும்பாலும் மண்ணிலுள்ளவையே போதும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் நெற்று முற்றிவிடும். மக்காச்சோளத்துக்கு இறுதி உழவு ஓட்டும்போது வரிசைகளுக்கிடையே தூவிவிட்டால் ஊடுபயிராக வளரும். நெற்றுகளைப் பறித்து உலர்த்திப் பயற்றை எடுத்துக்கொள்ளலாம். கொடியை மாட்டுக்கு உலர்தீவனமாக்கலாம், அல்லது பசுந்தாளாக மடக்கி உழலாம். உலர்ந்த பயறு மழைக்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் கெடாமல் இருக்கும். அடுத்த ஆண்டுக்கு விதையும் அதுவே.

1903-இல் கார்வர் இப்பயறு பற்றித் தனியொரு சிறு நூல் வெளியிட்டார். 1905-இல் களைத்த மண்ணைத் தேற்றுவது பற்றி ஒன்று. 1908-இல் இதே பயற்றைச் சமைக்கும் முறைகள் பற்றி மற்றொன்று. 1917-இல் வந்த சிறு நூல் பயற்றை வளர்க்கும் வகையையும் அதை நாற்பது விதமாகச் சமைக்கும் வகையையும் ஒருங்கே சொன்னது. உழவன், ஆசிரியர், இல்லத்தரசி என மூவரையும் மனத்தில் வைத்து அவர் எழுதினார். வேளாண் அறிவியலாளர் ஒருவர் ஏன் சமையல் குறிப்பு எழுதவேண்டும் என்று சிலர் வியந்திருக்கக்கூடும். இதில்தான் அவருடைய கூரிய பார்வை இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். விற்க முடியாத பயிரை உழவன் பயிரிடவேண்டுமானால், வீட்டில் உள்ளவர்கள் அதை விரும்பி உண்ணவேண்டும். ஒரே குழம்பை எத்தனை நாளைக்கு உண்பது?

ஆனால் எழுத்தறியாதவருக்கு நூல் எதற்கு? 1892 முதல் டஸ்கீகியில் ஆண்டுதோறும் விவசாயிகள் மாநாடு நடந்துவந்தது. தொலைவிலிருந்து வண்டியிலும் கால்நடையாகவும் வந்து கூடுவார்கள். 1904-இல் உழவர்களுக்கென்றே சில வாரக் குறும்பயிற்சி தொடங்கப்பட்டது. அதற்கும் வர இயலாதவர்களே மிகுதி என்பதைக் கண்டபின், பள்ளியையே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நியூயார்க் செல்வர் மாரிஸ் ஜெசப் அளித்த உதவியால், கார்வர் தந்த திட்டப்படி டஸ்கீகியிலேயே செய்யப்பட்ட அந்த வண்டி 1906-ஆம் ஆண்டு புறப்பட்டது. கலப்பையும் விதையும் தயிர் கடையும் பொறியும் அதில் இருந்தன. ஏதேனும் ஒரு குடியானவரின் வயலில் வண்டி நிற்கும், அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், சொற்பொழிவு இல்லாமல், உழுதும் விதைத்தும் காட்டுவார்கள். அவ்வாண்டு நவம்பரில் அதன் பொறுப்பை ஏற்ற தாமஸ் மன்றோ கேம்பெல், டஸ்கீகியில் படித்த இளைஞர். அமெரிக்க வேளாண்துறை அமர்த்திய முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளர் அவரே. 1923-இல் புதிய மோட்டார் வண்டி தேவைப்பட்டபோது அலபாமாவின் கறுப்பின உழவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தம்மிடம் வந்த பள்ளியை அவர்கள் எப்படி மதித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நாம் தேடவேண்டியதில்லை.

அடுக்களையில் பயறு செய்த நன்மை இன்னும் பெரிது. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பெலாக்ரா என்னும் நோய் பரவியது. தோல் வெடித்து, வயிறு கழிந்து, மனம் கலங்கி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தொற்றுநோய் என்றே மருத்துவர் பலர் நம்பினர். 1914-இல் இதை ஆராய அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், அது ஏழைகளின் உணவிலுள்ள குறை என்று கண்டார். மக்காச்சோள மாவும் கொழுப்பும் வெல்லப்பாகுமே உண்டவர்களை அந்நோய் பிடித்தது. பால், முட்டை, இறைச்சியோடு பயறு வகைகளையும் கூட்டிக்கொடுத்த அநாதை இல்லங்களில் அது மறைந்தது. குறைந்த சத்து நயாசின் என்னும் உயிர்ச்சத்து என்பது 1937-இல்தான் தெளிவாயிற்று. அப்பெயரே வழக்கில் இல்லாத நாளில் டஸ்கீகியின் வண்டி பயற்றை வீடுவீடாகக் கொண்டுபோயிருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் மேக்கன் மாவட்டத்தின் வறுமை நீங்கவில்லை. ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

பயறு மண்ணைத் தேற்ற ஓராண்டு போதாது; சில ஆண்டுகள் தொடர்ந்து பயிர்மாற்றம் செய்யவேண்டும். வாரக்குடியோ ஆண்டு முடிவில் கணக்குத் தீர்ந்ததும் வேறு பண்ணைக்குப் பெயர்ந்துவிடுவான், அல்லது பெயர்க்கப்படுவான். அவன் வியர்வை சிந்தி மண்ணில் சேர்த்த தழைச்சத்து யாருக்குச் சொந்தம்? நிலம் யாருடையதோ அவருக்கே. தேறிய நிலத்துக்கு அவர் வாரத்தை உயர்த்தவும் கூடும். மேலும், என்ன விதைப்பது என்று முடிவு செய்யும் உரிமையே பலருக்கு இல்லை. பயறு போடுகிறேன் என்று சொன்னவனுக்குக் கடைக்காரர் கடன் தரமாட்டார். கார்வரின் அறிவுரை பொய்க்கவில்லை. அதைக் கேட்டு நடக்கும் விடுதலை அவர் பேசியவர்களில் பலருக்கு இல்லாமற்போயிற்று. சொந்த நிலம் வைத்திருந்த சிறு உழவர்களுக்கே அது முழுப் பயன் தந்தது. டஸ்கீகியினர் இதை உணராதவர்கள் அல்லர். நிலம் வாங்குங்கள் என்று வாஷிங்டன் ஓயாது சொல்லிவந்தார். 1901 முதல் வடமாநில நன்கொடையாளர் சிலர் அமைத்த நிறுவனம் ஒன்று மேக்கன் மாவட்டத்தில் நிலத்தைத் தவணை முறையில் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்கவும் முன்வந்தது. ஆயினும் தேவைக்கு முன் அது சிறு துளியே. உடைமையாளரை எதிர்த்து வெளிப்படையாகப் பேசினால் உயிரே போகக்கூடிய காலம் அது என்பதையும் நாம் மறக்கலாகாது.

1914-இல் அமெரிக்கப் பேரவை வேளாண் விரிவாக்கப் பணிக்கெனச் சட்டம் இயற்றியது. டஸ்கீகி வண்டியில் தொடங்கிய முறையும் அதில் நாடெங்கும் பரவியது. ஆனால் தென்மாநிலங்களில் பணம் வெள்ளையர் கல்லூரிகளின் பிடியில் இருந்தது. கறுப்பினப் பணியாளருக்குச் சிறு பங்கே கிடைத்தது.

இதற்கிடையே மெக்சிகோ வழியாக 1892 அளவில் டெக்சாஸில் நுழைந்த பருத்திக் கூன்வண்டு 1910 வாக்கில் அலபாமாவை எட்டியது. பருத்தி அழிந்தபின், அறிவுரைக்கு இளகாத உடைமையாளர்களும் வேறு பயிர் தேடினர். அவர்கள் தேர்ந்தது நிலக்கடலை; ஆலையில் விலைபோகும் பயிர் அல்லவா! கார்வரின் புகழும் அதையே பற்றிப் படர்ந்தது. 1921-இல் நாடாளுமன்றக் குழுமுன் அவர் நிலக்கடலை பற்றிச் சாட்சியம் அளித்தபின், 'நிலக்கடலை மனிதர்' என்றே உலகம் அழைக்கலாயிற்று. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்றுகூடப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள்; அது உண்மையன்று. ஆலைக்குப் போகாத, அடுப்பங்கரைக்குப் போன மாட்டுப் பயற்றை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்பவர் குறைவு. 1943-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் கார்வர் டஸ்கீகியில் இறந்து, புக்கர் வாஷிங்டனின் கல்லறை அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நிருவாகக் கணக்கு சரியில்லை, கோழிப்பண்ணை சீராக இல்லை என்று வாழ்ந்த காலத்தில் இருவருக்குமிடையே கடிதச் சண்டை பல நடந்ததுண்டு.

1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின உழவர்கள் இருந்தனர். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. வேளாண்துறை தமக்குக் கடன் வழங்குவதில் பாகுபாடு காட்டியது என்று அவர்கள் தொடுத்த வழக்கில் 1999-இல் நீதிமன்றம் உடன்பாட்டை ஏற்று இழப்பீட்டுக்கு வழிசெய்தது. அதற்குள் பலருடைய நிலம் கைமாறிவிட்டது. தென்மாநிலக் குடும்பங்கள் பல இன்றும் புத்தாண்டு நாளில் அரிசியோடு இப்பயற்றைச் சமைத்து உண்கின்றன. 1892-இல் தொடங்கிய உழவர் மாநாட்டின் வழிவந்த கூட்டமும் டஸ்கீகியில் மறையவில்லை. விதை, மண், கடன், நிலவுரிமை ஆகியவை பற்றிப் பேச உழவர்கள் அங்கே கூடுகிறார்கள்.